தோளில் வந்த சோறு: பினாங்கில் ஒரு மதியச் சாப்பாடு

போன டிசம்பரில் நாலு நாள் பினாங்கு போயிருந்தேன். வேலை விஷயமாகக் கோலாலம்பூர் வந்தவன், வாரக் கடைசியை ஒட்டி இரண்டு நாள் லீவு போட்டுக்கொண்டு வடக்கே பஸ் ஏறிவிட்டேன். தங்கினது ஜார்ஜ் டவுனில், லெபு சுலியா தெருவில், மரப்படி ஏறிப் போகிற ஒரு பழைய லாட்ஜில். பினாங்குத் தீவின் பழைய நகரம்தான் ஜார்ஜ் டவுன். சுற்றுலா வருகிறவர்கள் எல்லாரும் சுற்றிச் சுற்றி வருவது இந்தச் சில தெருக்களைத்தான். சுவரில் சைக்கிள் ஓட்டும் பிள்ளைகளின் ஓவியம், அதன் முன்னால் போட்டோ எடுக்க வரிசை. ஐஸ் கச்சாங் விற்கிற கடை, அங்கேயும் வரிசை.

மூன்றாவது வரிசை நாசி கண்டார் கடை வாசலில். மதியம் பன்னிரண்டே கால் மணிக்கு நான் போய் நின்றபோது எனக்கு முன்னால் நாற்பது பேராவது இருந்திருப்பார்கள். கழுத்தில் கேமரா மாட்டின கொரியப் பெண்கள் நாலு பேர், ஈப்போவிலிருந்து வந்திருந்த ஒரு சீனக் குடும்பம், சட்டையில் கப்பல் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டிய வெள்ளைக்காரத் தம்பதி. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பத்துப் பதினைந்து அகலச் சட்டிகள். ஆட்டுக்கறி, கோழி, மாட்டுக்கறி, மீன் தலை, கணவாய், மீன் முட்டை, முழுசாக வெந்த வெண்டைக்காய், எல்லாம் குழம்பில் மிதக்கின்றன.

பரிமாறுகிற பையனிடம் கையைக் காட்டித்தான் கேட்க வேண்டும். தட்டில் சோற்றைத் தட்டினான். கோழி, வெண்டைக்காய், மீன் முட்டை என்று காட்டினேன். "குவா?" என்றான். குவா என்றால் குழம்பு. எது வேணும்னு சொல்லத் தெரியாமல் விழித்தேன். பின்னால் நின்ற சீனப் பெரியவர் எனக்காகச் "சம்போர், சம்போர்" என்றார். கலந்து ஊற்று என்று அர்த்தமாம். பையன் ஒவ்வொரு சட்டியிலிருந்தும் அரை அகப்பை, அரை அகப்பையாக நாலு குழம்பை ஒரே சோற்றின் மேல் ஊற்றினான். சோறு முங்கிவிட்டது. இதற்கும் மலாயில் ஒரு பெயர் இருக்கிறது: பன்ஜிர். வெள்ளம்!

"போதும்ப்பா"ன்னு தமிழில் சொல்லிவிட்டேன், வாய் தவறி. நிமிர்ந்து பார்த்தான். "அண்ணே, எந்த ஊரு?"

"தென்காசி."

"நான் ராம்நாடு பக்கம்ணே." அதற்கு மேல் பேச நேரம் இல்லை. அடுத்த தட்டு.

கல்லாவில் 32 ரிங்கிட் என்றார்கள். நம்ம காசுக்கு 600 ரூபாய்க்கு மேலே. எதற்கு எவ்வளவு என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. கேட்டதற்கு, கல்லாக்காரர் "மீன் முட்டை சார்" என்றதோடு சரி. எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை, ஊரில் பல கடைகளில் இதே கதைதான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். இந்தக் கட்டுரை அதைப் பற்றியும் இல்லை. முதல் கவளம் வாயில் வைத்ததும் எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் தெருவில் இருந்த பினாங்கு தாத்தா.

அவர் எங்கள் சொந்தம் இல்லை. என் அம்மா பிறந்த ஊர் தென்காசிக்குப் பக்கம். அந்தத் தெருவின் கடைசியில் பச்சைக் கதவு போட்ட ஒரு ராவுத்தர் வீடு. ஊரில் அதற்குப் பெயரே 'பினாங்கு வீடு'. அந்த வீட்டுப் பெரியவரைப் பிள்ளைகள் எல்லாரும் பினாங்கு தாத்தா என்போம். 1980களின் தொடக்கத்தில் அவருக்கு எழுபது தாண்டியிருக்கும். கல்யாண வீட்டுப் பந்தியில் அவர் சாப்பிடுகிற முறையைப் பார்த்து எல்லாரும் சிரிப்பார்கள். நம் பந்தியில் ஒரு ஒழுங்கு உண்டில்லையா? முதலில் சாம்பார், பிறகு புளிக்குழம்பு, அப்புறம் ரசம், கடைசியில் மோர். இவர் சாம்பார் வாளிக்காரரை நிறுத்தி ஊற்றச் சொல்லிவிட்டு, அதைத் தொடாமலே புளிக்குழம்பு வரும்வரை உட்கார்ந்திருப்பார். அதையும் அதே சோற்றின் மேல் வாங்கி, கூட்டுச் சாற்றையும் சேர்த்துப் பிசைவார். பரிமாறுகிறவர்களுக்குக் கோபம் வரும். "இது என்ன ஓய், மாட்டுக்குக் கழனி கலக்குத மாதிரி" என்று ஒருவர் சொன்னது எனக்கே ஞாபகம் இருக்கிறது. தாத்தா அசரமாட்டார். "ஒனக்கு என்னலே தெரியும்" என்பார்.

பினாங்கில் என்ன வேலை பார்த்தீங்க தாத்தா என்று கேட்டால் ஒரே பதில்தான். "சோறு சொமந்தேம்லே." நாங்கள் அதைப் பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டோம். குடும்ப பாரம் சுமந்தேன் என்பது மாதிரி. ஏதோ ஹோட்டலில் வேலை பார்த்திருப்பார் என்று பெரியவர்களும் விட்டுவிட்டார்கள்.

நாசி என்றால் சோறு. கண்டார் என்றால் நீளக் கம்பின் இரண்டு முனையிலும் சுமையைத் தொங்கவிட்டுத் தோளில் சுமப்பது. நாசி கண்டார் என்கிற பெயருக்கே சுமந்த சோறு என்றுதான் பொருள். நாற்பது வருஷம் கழித்து, 32 ரிங்கிட் கொடுத்து, அன்றைக்குத்தான் அவர் சொன்னது எனக்கு விளங்கிற்று. லாட்ஜுக்குத் திரும்பினதும் படிக்க ஆரம்பித்தேன். ஊருக்கு வந்தும் நிறுத்தவில்லை.

பிரான்சிஸ் லைட் என்கிற ஆங்கிலேயர் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பினாங்கில் கொடி ஏற்றியது 1786 ஆகஸ்ட்டில். ஆனால் நம் ஆட்கள் அதற்கு முன்பே அந்தப் பக்கம் இருந்தார்கள். எதிர்க்கரையில் இருந்த கெடா ராஜ்ஜியத்தில் நாகூர், பரங்கிப்பேட்டை, காயல்பட்டினம், கீழக்கரை ஆட்கள் தலைமுறைகளாக வியாபாரம் செய்துகொண்டிருந்தார்கள். இவர்களைத்தான் சூலியா என்று ஆவணங்கள் சொல்கின்றன. நான் தங்கியிருந்த தெருவின் பெயர் அதுதான். லைட் 1794இல் எழுதிய கடிதத்தில் ஒரு கணக்குக் கொடுக்கிறார். சூலியாக்கள் சுமார் ஆயிரம் பேர் தீவில் குடியிருக்கிறார்கள், கடைக்காரர்களும் கூலிகளும். இது தவிர ஒவ்வொரு வருஷமும் சோழமண்டலக் கரைக் கப்பல்களில் 1300 முதல் 2000 ஆண்கள் வருகிறார்கள், கொஞ்சம் காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள், அந்த இடத்துக்கு வேறு ஆட்கள் வருகிறார்கள். அந்த வருஷமே மலேரியாவில் லைட் செத்துப்போனார். அவர் எழுதி வைத்த இந்த வரவு-போக்கு மட்டும் இன்னும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நடந்தது.

அந்தக் கணக்கில் 'ஆண்கள்' என்பதைக் கவனியுங்கள். பெண்டாட்டி பிள்ளைகள் ஊரில். ஆண் தனியாக வந்து, கிட்டங்கியிலோ பத்துப் பேர் சேர்ந்த அறையிலோ படுத்து எழுந்து, காலையில் வேலைக்கு ஓடுகிறான். அவனுக்கு யார் சமைப்பது? நாசி கண்டாரின் கதை முழுக்க இந்த ஒரு கேள்வியில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இவர்களில் பெரிய ஆட்களும் இருந்தார்கள். பரங்கிப்பேட்டைக்காரரான காதர் முகைதீன் என்பவர் தமிழ் முஸ்லிம்களின் தலைவராக, கப்பித்தான் கிளிங் என்ற பட்டத்தோடு, 1801இல் கம்பெனியிடம் நிலம் வாங்கிக் கட்டிய பள்ளிவாசல் இன்றைக்கும் ஊர் நடுவில் நிற்கிறது. கொஞ்சம் தள்ளி நாகூர் ஆண்டவர் பெயரில் ஒரு தர்கா, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்தது. கைடு புத்தகங்கள் இரண்டையும் தவறாமல் காட்டுகின்றன. கூலிகள் எங்கே தூங்கினார்கள் என்று காட்டும் பலகை ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

1880களில் கடலைத் தூர்த்து வெல்ட் கீ என்கிற கரைத்தெரு உருவாயிற்று. அப்போதைய கவர்னர் பெயர் பிரடெரிக் வெல்ட். வரிசையாகக் கிட்டங்கிகள். பெரிய கப்பல்கள் தள்ளி நங்கூரம் போடும். சரக்கைத் தொங்கான்களில் ஏற்றி இறக்குவார்கள். ஸ்வெட்டன்ஹாம் பாலம் என்ற கப்பல் துறை 1904இல் வந்த பிறகும் தொங்கான் வேலை நின்றுவிடவில்லை. உள்நாட்டுத் தகரமும் ரப்பரும் இந்த வழியாகத்தான் போயின. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் அரிசி இந்த வழியாகத்தான் வந்தது. தூக்கியவர்களில் பெரும்பகுதி தமிழ் முஸ்லிம்கள். ராமநாதபுரத்துக் கடற்கரை ஊர்க்காரர்கள், பிறகு எங்கள் பக்கத்துக் கடையநல்லூர், தென்காசிக்காரர்கள். கடையநல்லூர் நெசவு ஊர். தறி சோறு போடாத காலத்தில் அந்த ஊரே பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் கப்பல் ஏறிற்று. தறிக்குழியில் உட்கார்ந்து பழகின கால்கள் அரிசி மூட்டையோடு பலகை ஏறின.

இவர்களுக்காகத்தான் அந்தக் கம்பு வந்தது. விடியுமுன் எங்கோ ஒரு வீட்டுப் பின்கட்டில் சோறு வடித்து, குழம்பு கொதிக்கவைத்து, கம்பின் ஒரு முனையில் சோற்றுக் கூடை, மறுமுனையில் குழம்புச் சட்டிகள் என்று கட்டித் தொங்கவிட்டு, துறைமுகத்துக்கு நடப்பார்கள். மர நிழலிலோ கிட்டங்கித் திண்ணையிலோ இறக்கி வைப்பார்கள். சில காசுக்கு இலையில் சோறும், ஒரு துண்டு மீனோ கறியோ அவித்த முட்டையோ.

அந்தக் கம்பைப் பற்றிக் கொஞ்சம் யோசித்துப் பார்த்தேன். நம்மிடம் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. காவுதல் என்றால் தோளில் சுமத்தல், அதிலிருந்துதான் காவடி. முருகன் கோயிலுக்குப் போவதற்கு முன்னால் அது தண்ணீரும் தயிரும் சுமந்த சாதாரணக் கம்பு. (பினாங்குத் தைப்பூசக் காவடி உலகப் பிரசித்தம். அதே ஊரில் சோற்றுக் காவடியும் நடந்திருக்கிறது என்று யாராவது சேர்த்துப் பேசியிருக்கிறார்களா தெரியவில்லை.) தலைச்சுமை மாதிரி இல்லை இது. இரண்டு பக்கமும் எடை ஒத்துப்போக வேண்டும். சோறு பாதி தீர்ந்து குழம்பு அப்படியே இருந்தால் கம்பு ஒரு பக்கம் சாயும், கட்டை மாற்றிக் கட்ட வேண்டும். விற்கிறவனுக்குச் சோறும் குழம்பும் ஒன்றாகத் தீர்வதுதான் வசதி. ஒரு குழம்பு மட்டும் மிஞ்சினால் நட்டம், திரும்பச் சுமக்கிற கஷ்டம் வேறு.

தின்கிறவன் பக்கமும் பாருங்கள். அவனுக்கு வேண்டியது வயிறு நிறையச் சோறு. கறி வாங்கக் காசு பத்தாது. மாட்டுக்கறிச் சட்டியில் கறி எடுக்க வழியில்லை, குழம்பு மட்டும் ஊற்றலாம். மீன் சட்டியிலும் அப்படியே. ஒரு துண்டு மீனுக்குக் காசு கொடுத்துவிட்டு நாலு சட்டியின் ருசியைச் சோற்றில் ஏற்றிக்கொள்கிறான். அந்தக் குழம்புகள் நம் சால்னா மாதிரி நீர்க்க இருப்பதும் சோற்றில் இறங்கத்தானே? கலந்த குழம்பு இப்படித்தான் பிறந்தது என்று எழுதி வைத்த சாட்சி எதுவும் என்னிடம் இல்லை, இது என் ஊகம்தான். ஆனால் கையில் காசில்லாதவனும் கம்பு சுமக்கிறவனும் சந்திக்கிற இடத்தில் இதைவிடப் பொருத்தமான சாப்பாடு அமையாது. பந்தியில் தாத்தா செய்தது அசிங்கமும் இல்லை, பட்டிக்காட்டுத்தனமும் இல்லை. இருபது முப்பது வருஷம் துறைமுகத்தில் தின்ற ஆண்களின் பந்தி முறை அது.

சுவையும் ஊர்ச்சுவையாக அப்படியே நிற்கவில்லை. கருவேப்பிலை, சோம்பு, மல்லித்தூள் நம்முடையது. கறுப்பாக வதக்கிய மாட்டுக்கறியில் சீனர்களின் சோயா சாஸ் இருக்கிறது. தமிழ் ஆண்கள் மலாய்ப் பெண்களை மணந்து உண்டான ஜாவி பெரானாக்கான் குடும்பங்களின் கைமணமும் சேர்ந்திருக்கும். சொற்களும் இப்படித்தான் இடம் மாறியிருக்கின்றன. மலாயில் கடைக்கு 'கெடாய்'; கப்பலுக்கு 'காப்பால்'; கறிக்கு 'காரி'. தமிழ் முஸ்லிம் கடைக்காரரை 'மாமாக்' என்பார்கள், நம்முடைய மாமாதான் அது என்று பொதுவாகச் சொல்கிறார்கள். கம்பின் பெயர் மட்டும் மலாய்ச் சொல்லாகவே நின்றுவிட்டது. வாங்கித் தின்ற ஊர் வைத்த பெயர் போலும்.

கம்பு எப்போது தோளை விட்டு இறங்கியது? ஒரே நாளில் இல்லை. சிலர் முன்பே கடை பிடித்துவிட்டார்கள். கேம்ப்பெல் தெருவில் இருக்கிற ஹமீதியா, தன் பலகையில் 1907 என்று போட்டுக்கொள்கிறது. மற்றவர்கள் காப்பிக்கடை ஓரத்தில் ஒரு மேசை, சந்துக்குள் ஒரு தகரக் கூரை என்று ஒதுங்கினார்கள். பினாங்கு ரோட்டுச் சந்து ஒன்றில் பெயர் வாங்கிய கடைக்கு 'லைன் கிளியர்' என்று பெயர். நம்மூர் ஸ்டேஷன் மாஸ்டரின் பச்சைக்கொடிதான் எனக்கு ஞாபகம் வந்தது. 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் குண்டு போட்டான், பிறகு மூன்றரை வருஷம் அரிசிக்குப் பஞ்சம், மரவள்ளிக்கிழங்கு. 1953இல் புதிய குடிநுழைவுச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும், லைட் கண்ட அந்த வரவு-போக்கு அறுந்தது. பினாங்கு தாத்தா ஊர் திரும்பினதும் அந்தச் சமயம்தான் என்று அம்மா சொல்கிறாள். ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கி, ஒரு தகரப் பெட்டியோடு ரயில் ஏறி வந்தாராம்.

1969இல் பினாங்கு தன் சுங்கமற்ற துறைமுகத் தகுதியை இழந்தது. சரக்கு வேலை எதிர்க்கரைக்கு, பட்டர்வொர்த்துக்கு மாறிற்று. பிறகு கன்டெய்னர் வந்தது. மூட்டை தூக்குகிறவன் இல்லாமல் போனான். ஸ்வெட்டன்ஹாம் துறையில் இப்போது நிற்பவை சுற்றுலாக் கப்பல்கள். வரிசையில் என் முன்னால் நின்ற ஸ்டிக்கர்த் தம்பதி அதில் வந்தவர்கள்தான். துறைமுகத்தில் இறங்கிப் பசியோடு வருகிறவர்கள்தான் இன்றைக்கும் வாடிக்கை, ஒரு விதத்தில்.

ஆனால் நகரத்தின் நடுவே எளிய ஜனம் அதற்குப் பிறகும் ஒரு முப்பது வருஷம் தாக்குப்பிடித்தது. காரணம் வாடகைச் சட்டம். 1948க்கு முன் கட்டிய கட்டடங்களுக்கு வாடகையை இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. 1966இல் அதைச் சட்டமாகவே நிலைப்படுத்தினார்கள். அதனால்தான் மசாலா அரைக்கிறவர், சொங்கோக் தொப்பி தைக்கிறவர், பழைய புத்தகம் விற்கிறவர் எல்லாம் கீழே கடை, மேலே வீடு என்று அங்கேயே இருந்தார்கள். கட்டடக்காரர்களுக்கு வருமானம் இல்லை, அதனால் இடித்துக் கட்டவும் மனமில்லை. இன்றைக்கு எல்லாரும் போட்டோ எடுக்கிற அந்தப் பழைய கடைவீடுகள் தப்பியது பாதி இந்த வாடகைச் சட்டத்தால்தான். 1997இல் சட்டத்தை ரத்து செய்து, 2000 பிறந்தபோது கட்டுப்பாடு முழுசாகப் போயிற்று. வாடகை பல மடங்கு ஏறிற்று. குடித்தனங்கள் புறநகருக்கும் எதிர்க்கரைக்கும் காலி செய்துகொண்டு போயின. காலியான வீடுகள் சிலவற்றில் உழவாரக் குருவி வளர்த்தார்கள், சீனர்கள் சூப்பு வைக்கும் கூட்டுக்காக. ஆட்கள் இருந்த மாடியில் குருவிச் சத்தம் டேப்பில் ஓடிற்று. அப்புறம் அரசு தடை போட்டது.

2008 ஜூலையில் மலாக்காவோடு சேர்த்து ஜார்ஜ் டவுனை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம் ஆக்கியது. அந்தக் கௌரவத்துக்குச் சொன்ன காரணங்களில் முக்கியமானது, பல இன மக்கள் சேர்ந்து வாழ்ந்த வர்த்தக நகரம் என்பது. அந்த மக்களில் பாதிப் பேர் வாடகை கட்ட முடியாமல் கிளம்பி எட்டு வருஷம் ஆகியிருந்தது. 2012இல் சுவர் ஓவியங்கள் வந்தன. கடைவீடுகள் ஹோட்டல் ஆயின. நாசி கண்டார் கடைகளுக்கும் இது நல்ல காலம்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் 32 ரிங்கிட் சாப்பாட்டை அந்த ஊரில் இன்றைக்குச் சித்தாள் வேலை பார்க்கிற பங்களாதேஷ்காரர் மதியம் மதியம் சாப்பிட முடியுமா? அவர்கள் கூட்டத்தை நான் பார்த்தது வேறொரு சந்தில், பொட்டலச் சோறு விற்கிற ஒரு பெண்ணைச் சுற்றி.

இதோடு நிற்கவில்லை. பினாங்கின் பெயர்போன பதார்த்தங்களைத் தெருக்கடைகளில் வெளிநாட்டவர் சமைக்கக் கூடாது என்று மாநில அரசு 2016இல் விதி கொண்டுவந்தது. உதவிக்கு நிற்கலாம், அகப்பை பிடிக்கக் கூடாது. காரணம், ஊரின் பாரம்பரியச் சுவை கெட்டுவிடுமாம். 2018இல் மத்திய மனிதவள அமைச்சராக இருந்த குலசேகரன், உணவகங்களிலும் உள்நாட்டுச் சமையல்காரர்கள்தான் இருக்க வேண்டும் என்று அறிவித்து, எதிர்ப்பு கிளம்பியதும் அது வெறும் யோசனைதான் என்று பின்வாங்கினார். அந்த விதிக்கு நியாயம் இல்லாமல் இல்லை. சம்பளம் குறைவான ஆளை வைத்து ருசியைக் கெடுக்கிற முதலாளிகள் எல்லா ஊரிலும் உண்டு. உள்ளூர் இளைஞர்கள் இந்த வேலைக்கு வராததற்கும் அதே குறைந்த சம்பளம் ஒரு காரணம். ஆனாலும் நாசி கண்டார் விற்கிற ஊரில் இதைப் படிக்கும்போது சிரிப்பு வராமல் இருக்குமா? அந்தச் சுவையை முதலில் அடுப்பில் ஏற்றினவன் யார்? பர்மிட்டில் வந்தவனைவிட மோசம். கப்பலில் டெக்கில் படுத்து வந்தவன்.

கடைசி நாள் அதே கடைக்கு மறுபடியும் போனேன், சாயங்காலம் நாலு மணிக்கு, வரிசை இல்லாத நேரமாகப் பார்த்து. ராம்நாட்டுப் பையன் சட்டிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். வந்து இரண்டு வருஷம் ஆகிறதாம். பர்மிட்டை வருஷாவருஷம் புதுப்பிக்க வேண்டும், அடுத்த தடவை கிடைக்குமா தெரியாது என்றான். "சமைக்கிறதும் நீதானா?" என்று கேட்டேன். சிரித்தான். "நான் உதவியாள்ணே" என்றான். கை முழுக்க மஞ்சள்.

சுவரில் ஒரு கம்பு மாட்டியிருந்தது. அதை அன்றைக்குத்தான் கவனித்தேன். வார்னிஷ் அடித்த புதுக் கம்பு, இரண்டு முனையிலும் சின்னச் சின்னப் பிரம்புக் கூடைகள், கீழே ஒரு மலாய் வாசகம். கொரியப் பிள்ளைகள் அதன் அடியில் நின்றுதான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். கொஞ்சம் தூக்கிப் பார்க்கலாமா என்று கல்லாவில் கேட்டேன். "வேண்டாம் சார், ஆணி லூசா இருக்கு" என்றார்.

ஊருக்கு வந்து அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். பினாங்கு தாத்தாவின் தோளில் தழும்போ காய்ப்போ ஏதாவது இருந்ததா, எந்தத் தோள் என்று கேட்டேன். அவர் எப்போதும் தோளில் துண்டு போட்டிருப்பார், நான் சரியாகப் பார்த்ததில்லை. அம்மா கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"காய்ப்பா... அந்த அக்கா தைலம் தேச்சுவிடுவாங்க, திண்ணையில வச்சு. ரெண்டு பக்கமும்தான் தேப்பாங்க. மழைக்காலத்துல வலி தாங்காதுன்னு சொல்லுவாரு."

பிறகு அவளே கேட்டாள். "அவ்வளவு தூரம் போயி அந்தச் சோத்தைத் தின்னியே, நல்லா இருந்துச்சா?"

நல்லா இருந்துச்சு என்றேன். மறுநாள் மதியம் சாம்பாரையும் வத்தக்குழம்பையும் ஒரே சோற்றில் ஊற்றிக்கொண்டேன். அம்மா பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.